கொடுக்கிறார்களா, வாங்குகிறார்களா?

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சிப் பணம் தொடர்பான காகிதங்களைப் படித்துக் கையெழுத்துக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "அக்கவுண்ட்ஸ் மாதிரி" என்று சொல்லித் தப்பித்துவிடுவது வழக்கம். உண்மையில் கணக்கை விடச் சட்டம்தான் இதில் அதிகம். அரசுத் துறை கொடுக்கும் பணம் எந்தப் பெயரில் வருகிறது, அப்படிக் கொடுக்க அந்தத் துறைக்கு உரிமை இருக்கிறதா, வாங்கியபின் எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் எங்களிடம் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் என்ஐஎச்-இலிருந்து அவருக்கு முதல் பெரிய நிதி வந்த அன்று எனக்குப் போன் செய்தார். "அண்ணே, கிராண்ட்டுன்னு நெனச்சுத்தானே அப்ளை பண்ணேன். இதுல கோஆப்பரேட்டிவ் அக்ரிமென்ட்டுன்னு போட்ருக்கு. காசு குடுக்குறவன் கூடவே வந்து உக்காந்துக்குவானா?" ஆமாம், உட்கார்ந்துகொள்வான் என்றேன். விண்ணப்ப அறிவிப்பிலேயே அது எழுதியிருந்தது. அறிவிப்பின் அந்தப் பக்கத்தை எந்தப் பேராசிரியரும் படித்து நான் பார்த்ததில்லை.

அவர் கேட்டது சரியான கேள்விதான். அதைவிட முக்கியமான ஒரு கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. உட்கார்ந்துகொள்ள அவர்களுக்கு எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கோஆப்பரேட்டிவ் அக்ரிமென்ட்டை ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்றே எழுதப்போகிறேன். கூட்டுறவு என்று எழுதினால் நம் ஆட்களுக்குப் பால் சொசைட்டிதான் ஞாபகம் வரும்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. சட்டப்படி ஒதுக்கப்படாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். ஒதுக்குவது காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம். ஜனாதிபதியாக இருந்தாலும் துறைத் தலைவராக இருந்தாலும் அந்த ஒதுக்கீட்டுக்குள்தான் நடந்துகொள்ள வேண்டும். இந்த ஒற்றை வரியிலிருந்து கிளைத்த விதிகளை ஜிஏஓ என்னும் கணக்காய்வு அலுவலகம் பல நூறு பக்கங்களில் தொகுத்து வைத்திருக்கிறது. நம்ம ஊர் சிஏஜி மாதிரி ஒரு அமைப்பு, ஆனால் நாடாளுமன்றத்தின் கை. அந்தத் தொகுப்பின் அட்டை சிவப்பு என்பதால் எல்லோரும் அதை ரெட் புக் என்றே சொல்வார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் பஞ்சாங்கம்.

ரெட் புக் எந்தச் செலவைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கும். எதற்காக ஒதுக்கினார்களோ அதற்குத்தான் செலவாகிறதா? எந்தக் காலத்துக்கு ஒதுக்கினார்களோ அந்தக் காலத்தின் தேவைக்குத்தானா? ஒதுக்கிய தொகைக்குள்தானா? முதல் கேள்வி 1809-இலிருந்தே சட்டமாக இருக்கிறது. மூன்றாவதைத் தெரிந்தே மீறினால் குற்றவியல் தண்டனையே உண்டு: 5,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. அப்படி யாரும் சிறைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னாலே வாஷிங்டன் அதிகாரிகளின் முகம் மாறிவிடும்.

சரி, இதில் ஒத்துழைப்பு ஒப்பந்தம் எங்கே வருகிறது?

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்க அரசுத் துறைகள் பணம் கொடுக்கும்போது ஒரு ஒழுங்கும் இருக்கவில்லை. ஒரே மாதிரி வேலைக்கு ஒரு துறை கிராண்ட் கொடுக்கும், இன்னொரு துறை கான்ட்ராக்ட் போடும். டெண்டர் நடைமுறையைத் தவிர்க்க வேண்டுமா, கிராண்ட் என்று எழுதிவிடலாம். வாங்குபவரைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமா, கான்ட்ராக்ட் என்று எழுதிவிடலாம். அரசுக் கொள்முதலை ஆராய நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 1972 இறுதியில் கொடுத்த அறிக்கையில் இந்தக் குழப்பத்தை விரிவாகச் சொல்லி, தனிச் சட்டம் வேண்டும் என்றது. புளோரிடாவின் செனட்டர் லாட்டன் சைல்ஸ் அதைக் கையில் எடுத்தார். 1977-ஆம் ஆண்டுச் சட்டம் என்று பெயர், ஆனால் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டது 1978 பிப்ரவரி 3 அன்று.

அந்தச் சட்டத்தின் மையம் மிகச் சின்னது. அரசு தன் நேரடிப் பயனுக்காக ஒரு பொருளையோ சேவையையோ பெறுவது முதன்மை நோக்கமாக இருந்தால் கொள்முதல் ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு பொது நோக்கத்தை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ பணம் கொடுப்பது முதன்மை நோக்கமாக இருந்தால் அது உதவி. அந்த உதவியிலும் இரண்டு வகை. பணத்தைக் கொடுத்துவிட்டுத் துறை ஒதுங்கி நிற்குமானால் கிராண்ட். வேலை நடக்கும்போது துறைக்குக் கணிசமான ஈடுபாடு இருக்குமானால் ஒத்துழைப்பு ஒப்பந்தம்.

மதுரைக்காரருக்கு நான் சொன்ன உதாரணம் இது. வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரை அமர்த்தினால் அது கான்ட்ராக்ட், சாப்பாடு நம் பந்திக்கு வருகிறது. கோயில் அன்னதானத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் கிராண்ட். பணமும் கொடுத்து, மெனுவையும் சேர்ந்து முடிவு செய்து, மடைப்பள்ளியில் நின்று காய் நறுக்கவும் போனால் அது ஒத்துழைப்பு ஒப்பந்தம். "அப்ப என்ஐஎச்-காரன் என் லேப்ல வந்து காய் நறுக்குவான்" என்றார். ஏறக்குறைய அதேதான்.

என்ஐஎச்-இல் கிராண்ட்டுகளின் எண் பெரும்பாலும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும், ஒத்துழைப்பு ஒப்பந்தங்களுடையது யு என்ற எழுத்தில். யு வகை வந்தால் என்ஐஎச் தரப்பில் ஒரு விஞ்ஞானி திட்டத்தோடு ஒட்டிக்கொள்வார். பல ஆய்வகங்கள் சேர்ந்த திட்டமாக இருந்தால் வழிகாட்டுக் குழு ஒன்று இருக்கும், அதில் அவருக்கும் ஓட்டு உண்டு. நோயாளிகளைச் சேர்க்கும் முறையை மாற்றுவதானால் அவரோடும் பேச வேண்டும். கண்காணிப்பு வேறு, ஈடுபாடு வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வருடாந்திர அறிக்கை கேட்பதும் கணக்கைத் தணிக்கை செய்வதும் எல்லா கிராண்ட்டுக்கும் உண்டு. அதனால் மட்டும் ஒன்று ஒத்துழைப்பு ஒப்பந்தமாகிவிடாது. வேலையின் போக்கையே இரண்டு தரப்பும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு நன்றாக ஓடியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் லைகோ. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளை முதன்முதலில் பதிவுசெய்த அந்தக் கருவிகள் லூசியானாவின் லிவிங்ஸ்டனிலும் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் இருக்கின்றன. கால்டெக்கும் எம்ஐடியும் நடத்துகின்றன. பணம் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் உடையது, வந்த வழி ஒத்துழைப்பு ஒப்பந்தம். நான்கு கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட ஒரு கருவியை, என்ன கிடைக்கும் என்றே தெரியாமல் இருபது முப்பது வருடம் நடத்துவதற்கு டெண்டர் விட முடியாது. பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் முடியாது, தொகை அவ்வளவு பெரியது. நடுவில் ஒரு வழி தேவைப்பட்டது, சட்டத்தில் அது இருந்தது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், துறைகள் இந்தச் சட்டத்தைக் காட்டி யாருக்கு வேண்டுமானாலும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் கொடுக்கலாம் போலத் தோன்றும். முடியாது. 1977 சட்டம் எந்தக் காகிதத்தை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. பணம் கொடுக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் தருவதில்லை என்பது ஜிஏஓவின் நிலையான கருத்து. அதிகாரம் அந்தந்தத் துறையின் சொந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும். நாசாவின் சட்டத்தில் ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்ற சொல்லே இருக்கிறது. தேசியப் பூங்காத் துறைக்கும் அப்படியே. சில துறைகளுக்கு நேரடியாக இருக்காது, திட்டச் சட்டத்தைப் படித்துப் பொருள்கொள்ள வேண்டும். அந்தப் பொருள்கொள்ளலில்தான் வம்பு வரும்.

1986-இல் வெள்ளை மாளிகையைச் சேர்ந்த சுற்றுச்சூழல் தரக் கவுன்சில் இப்படி மாட்டியது. ஆய்வறிக்கைகள் தயாரிக்க தேசிய அறிவியல் கழகத்தோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டிருந்தது. அறிக்கை யாருக்குப் பயன்படப்போகிறது என்று ஜிஏஓ கேட்டது. கவுன்சிலுக்கேதான். ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்வது அதன் சட்டக் கடமை, அந்தக் கடமையைச் செய்யத்தான் அறிக்கை. அப்படியானால் இது வாங்குவது, கான்ட்ராக்ட் போட்டிருக்க வேண்டும் என்று ஜிஏஓ முடிவு சொன்னது. கொடுப்பவரும் பொதுநலம், வாங்குபவரும் பொதுநலம், வேலையும் நல்ல வேலை. அதெல்லாம் கணக்கில் வரவில்லை.

பெயர் மாறினால் அப்படி என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பணத்தின் நடத்தையே மாறிவிடும்.

காலக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. ஒரு வருடத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை அந்த வருடத்துக்குள், அந்த வருடத்துத் தேவைக்கே என்று எழுதி உறுதிசெய்துவிட வேண்டும். கான்ட்ராக்டில் இது கறாரான விதி. மாதாமாதம் நடக்கும் சேவைக்கு இந்த வருடப் பணத்தை வைத்து மூன்று வருடத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் போட முடியாது, ஆண்டு எல்லையைத் தாண்டினாலும் பொதுவாக மொத்தம் 12 மாதம் வரைதான். கிராண்ட்டிலும் ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும் தர்க்கம் வேறு. துறையின் தேவை 'உதவி கொடுப்பது', கொடுத்த நிமிடமே அந்தத் தேவை நிறைவேறிவிட்டது. வாங்கியவர் அதைப் பல வருடம் செலவழிக்கலாம். செப்டம்பர் கடைசி வாரத்தில் எங்கள் மின்னஞ்சல் பெட்டியில் நிதி அறிவிப்புகள் வந்து கொட்டுவதற்கு ஒரு காரணம் இதுதான். ஆனால் அதற்கும் ஒரு கடைசி எல்லை உண்டு. ஒதுக்கீட்டுக் காலம் முடிந்து ஐந்து வருடத்தில் அந்தக் கணக்கையே மூடிவிடுவார்கள். அதற்குள் எடுக்காத பணம் போனது போனதுதான்.

முன்பணமும் அப்படித்தான். பொருள் கைக்கு வருமுன் பணம் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் பொதுத் தடை இருக்கிறது. உதவியாகக் கொடுக்கும் பணத்துக்கு அந்தத் தடை அதே வேகத்தில் பொருந்தாது, ஏனென்றால் அரசு எதையும் வாங்கவில்லை. ஆகவே நாங்கள் முன்கூட்டியே எடுத்துச் செலவழிக்கலாம். எடுத்த பணம் வங்கியில் கிடந்து வட்டி போட்டால் வருடத்துக்கு 500 டாலர் வரை எங்களுக்கு, மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். 500 டாலர் விஷயத்துக்கு எத்தனை படிவம் என்று கேட்காதீர்கள்.

ஆக, வாங்கும் வேலை ஒன்றை ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்று எழுதிவிட்டால் டெண்டர் விதி, கால விதி, முன்பண விதி எல்லாவற்றிலிருந்தும் ஒரே கையெழுத்தில் நழுவிவிடலாம். 2,000 பக்கம் அளவுக்கு நீளும் கொள்முதல் விதித் தொகுப்பு அலமாரியிலேயே இருந்துவிடும். போட்டியில் தோற்றவர் ஜிஏஓவிடம் போய் ஆட்சேபம் சொல்லவும் வழி குறைந்துவிடும். துறைகளுக்கு இந்தக் காகிதத்தின் மேல் இருக்கும் ஆசையில் பாதி இதனால்தான் என்பது என் அபிப்பிராயம். இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வீட்டுவசதித் துறை வழக்கை விட நல்ல உதாரணம் கிடையாது.

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வாடகை உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, செக்ஷன் எட்டு என்பார்கள். அதில் ஒரு பகுதி தனியார் கட்டடங்களோடு கட்டப்பட்டது. குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் கொடுப்பார், மீதி வாடகையை ஹட் என்னும் வீட்டுவசதித் துறை கட்டட உரிமையாளருக்குக் கொடுக்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். உரிமையாளரோடு ஒப்பந்தம், மாதாமாதம் பட்டியல் சரிபார்ப்பு, வாடகை உயர்வு, கட்டடம் ஒழுங்காக இருக்கிறதா என்ற சோதனை என்று வேலை மலைபோல் இருக்கும். 1990-களின் இறுதியில் ஹட்டில் ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. இந்த வேலையை வெளியே கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். மாநிலத்துக்கு ஒரு நிர்வாகி, பொது வீட்டுவசதி அமைப்புகள்தான் விண்ணப்பிக்கலாம். 1999-இல் முதல் சுற்று. உரிமையாளர்களுக்குப் போகும் பணம் இவர்கள் வழியாகப் போகும், இவர்களுக்கு நிர்வாகக் கட்டணம் தனி. கட்டணம் சிறிய தொகை இல்லை, அதனால் போட்டி பலமாக இருந்தது.

2011-இல் மறுபடி போட்டி நடத்தி முடிவை அறிவித்ததும் ஜிஏஓவுக்கு 60-க்கும் மேற்பட்ட ஆட்சேப மனுக்கள் போயின. ஹட் அந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றது. அடுத்த வருடம் அதே வேலைக்கு வேறு காகிதத்தோடு வந்தது. இந்த முறை இது ஒத்துழைப்பு ஒப்பந்தம், கொள்முதலே இல்லை என்றது. கூடவே, அந்தந்த மாநிலத்து அமைப்புக்கே முன்னுரிமை, தகுதியான உள்ளூர் விண்ணப்பம் இல்லையென்றால்தான் வெளிமாநிலத்தாரைப் பார்ப்போம் என்றும் சேர்த்தது. கொள்முதல் விதியின் கீழ் இப்படிப் போட்டியைச் சுருக்க முடியாது. வெளிமாநிலத்து அமைப்புகள் விடுமா? மறுபடி ஜிஏஓ.

2012 ஆகஸ்டில் ஜிஏஓ தெளிவாகச் சொன்னது: நீங்கள் செய்வது சேவை வாங்குவது, கொள்முதல் விதிப்படி நடத்துங்கள். ஜிஏஓவின் சொல் துறைகளைச் சட்டப்படிக் கட்டாயப்படுத்தாது, பொதுவாக மதித்துவிடுவார்கள். ஹட் மதிக்கவில்லை. எங்கள் வழியிலேயே தொடர்கிறோம் என்று அறிவித்தது. வழக்கு, அரசிடம் பணம் கேட்பது, அரசு ஒப்பந்தச் சண்டை போன்றவற்றை விசாரிக்கும் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குப் போனது, 2013 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் ஹட் பக்கம் தீர்ப்பளித்தது. வீட்டுவசதி அமைப்புகளுக்கு ஆதரவு தருவதுதான் நோக்கம், எனவே உதவிதான் என்றது.

2014 மார்ச் 25 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம், நடுவில் நிற்பவரைப் பற்றிய பகுதி. உதவி கடைசியில் ஏழைக் குடும்பத்துக்குத்தான் போகிறது, சந்தேகமில்லை. ஆனால் நடுவில் நிற்கும் நிர்வாகிக்கு என்ன உதவி கிடைக்கிறது? உரிமையாளருக்கான பணம் அவர் கை வழியே ஓடிப்போகிறது, அவருக்கு மிஞ்சுவது கட்டணம். கட்டணம் எதற்கு? ஹட் தன் ஊழியர்களைக் கொண்டு செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்ததற்கு. அப்படியானால் ஹட் வாங்கியது சேவை. 1977 சட்டத்தைத் திருத்தும்போது 1981-இல் வந்த செனட் குழு அறிக்கையிலேயே இப்படிப்பட்ட இடைத்தரகர் சூழ்நிலை பேசப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 2015-இல் இந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அதோடு வழக்கு முடிந்தது. பிரச்சினை முடியவில்லை: அதற்குப் பிறகும் பல வருடங்கள் பழைய ஒப்பந்தங்களையே நீட்டித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

இந்த வழக்கைப் படிக்கும்போது ஹட் மேல் கொஞ்சம் பரிதாபமும் வரும். ஆள் இல்லை, வேலை நிற்கக் கூடாது, மாநில அமைப்புகளுக்கு உள்ளூர் தெரியும். நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் உள்ளூர் அமைப்புக்கு முன்னுரிமை வேண்டுமென்றால் அதற்கு வழி காங்கிரஸிடம் போய்ச் சட்டத்தைத் திருத்திக் கேட்பதுதான். காகிதத்தின் தலைப்பை மாற்றி அதை எடுத்துக்கொள்ள முடியாது.

தலைப்பு சரியாக இருந்தும் கெட்டுப்போன கதை ஒன்றும் உண்டு. என்எஸ்எஃப் பணத்தில் நாடு முழுக்கச் சூழலியல் கண்காணிப்பு நிலையங்கள் அமைக்கும் நியான் திட்டம், சுமார் 43 கோடி டாலர். ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. செலவுகளுக்குப் போக நிர்வாகக் கட்டணம் என்று ஒரு தொகையும் அந்த அமைப்புக்குக் கொடுத்தார்கள். தணிக்கையாளர்கள் அது எங்கே போனது என்று பார்த்தபோது விடுமுறைக் கால விருந்துக்கு 25,000 டாலர், காபிக்கு 11,000, அரசியல் ஆதரவு திரட்ட 112,000 என்று வந்தது. கிராண்ட், ஒத்துழைப்பு ஒப்பந்தம் இரண்டுக்குமான செலவு விதிப்படி மதுவுக்கோ கேளிக்கைக்கோ அரசியல் ஆதரவு திரட்டவோ அரசுப் பணம் கூடவே கூடாது. எங்களிடம் ஒரு பேராசிரியர் விருந்தினர் சாப்பாட்டு ரசீதில் ஒரு பியர் இருந்தால் அந்த ஒரு வரியை வெட்டித் திருப்பி அனுப்புவோம். என்எஸ்எஃப் சொன்ன பதில், கட்டணம் என்பது செலவு இல்லை, அதனால் செலவு விதிகள் அதற்குப் பொருந்தாது என்பது. சட்ட வாதமாக அதில் ஏதோ இருக்கலாம். 2014 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் அந்த வாதத்தைக் காபிச் செலவோடு சேர்த்து வைத்தபோது எடுபடவில்லை. அப்புறம் செலவு 8 கோடி டாலர் வரை கூடும் என்று தெரியவந்து, 2015 இறுதியில் அந்த அமைப்பையே மாற்றினார்கள். அடுத்த வருடம் பட்டெல் நிறுவனம் எடுத்துக்கொண்டது, திட்டம் 81 நிலையங்களோடு இப்போது ஓடுகிறது.

கணிசமான ஈடுபாடு என்று சட்டம் சொன்ன இடத்தில் என்எஸ்எஃப் எங்கே இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குள்ள கேள்வி. ஈடுபாடு என்பதை அறிவியலோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். மடைப்பள்ளியில் நிற்பவர் உப்பு மட்டும் பார்த்தால் போதாது.

இனி 2025. இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் அந்த வருடத்தைச் சீக்கிரம் மறக்க மாட்டார்கள். கையெழுத்தாகி, பாதி வேலை நடந்துகொண்டிருந்த கிராண்ட்டுகளும் ஒத்துழைப்பு ஒப்பந்தங்களும் கூட்டம் கூட்டமாக ரத்து செய்யப்பட்டன. பெரும்பாலான கடிதங்களில் காட்டிய காரணம் ஒரே விதி: நிதி இனி துறையின் முன்னுரிமைகளுக்கு உதவவில்லை. 2020-இல் பொது விதித் தொகுப்பில் நுழைந்த வாசகம் அது. நுழைந்தபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மற்ற வாசகங்களோடு ஒன்றாகக் கிடந்தது.

வழக்குகள் போனபோது அரசு சொன்ன வாதம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இவை ஒப்பந்தங்கள். ஒப்பந்தப் பணத்தைக் கேட்பதானால் சாதாரண மாவட்ட நீதிமன்றத்துக்கு வரக் கூடாது, உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றது. ஏப்ரல் 4 அன்று ஆசிரியர் பயிற்சி நிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆகஸ்ட் 21 அன்று என்ஐஎச் வழக்கிலும் 5-4. கொள்கை அறிவிப்பை எதிர்ப்பதானால் மாவட்ட நீதிமன்றம், நிதி ரத்தை எதிர்ப்பதானால் உரிமைக்கோரல் நீதிமன்றம் என்று ஒரே சண்டை இரண்டாகப் பிரிந்தது. இரண்டுமே இடைக்கால உத்தரவுகள்தான், ஆனால் கீழ் நீதிமன்றங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

உரிமைக்கோரல் நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்து வந்தது? கட்ரினா சூறாவளிக்குப் பிறகு லூசியானாவின் செயின்ட் பெர்னார்ட் நிர்வாகம், நீர்வழியில் சேர்ந்த வண்டலை அள்ள விவசாயத் துறையோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டது. செய்த வேலைக்குப் பணம் பாக்கி என்று அதே நீதிமன்றத்துக்குப் போனது. 2017-இல் அந்த நீதிமன்றம், அரசுக்கு இதில் நேரடிப் பலன் எதுவும் வரவில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் எங்கள் அதிகாரத்துக்குள் வரும் ஒப்பந்தம் இல்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. 2019-இல் மேல் நீதிமன்றம் வேறொரு காரணம் சொல்லி அதே முடிவை உறுதிசெய்தது. அதாவது, அரசுக்கு நேரடிப் பலன் இல்லை என்பதால்தான் அது ஒத்துழைப்பு ஒப்பந்தம். அரசுக்கு நேரடிப் பலன் இல்லை என்பதாலேயே அதற்காக அந்த நீதிமன்றத்தில் பணம் கேட்கவும் முடியவில்லை. இப்போது எல்லோரும் அங்கேதான் போக வேண்டும் என்கிறார்கள்.

கொள்முதல் ஒப்பந்தம் இல்லாத ஒன்றும் ஒப்பந்தமாக இருக்கலாம், இரண்டையும் குழப்பக் கூடாது என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சரிதான். ஏட்டில் முரண் இல்லை. ஆனால் ஒரே காகிதத்தை, டெண்டர் விதி துரத்தும்போது 'இது வெறும் உதவி' என்றும், பணத்தை நிறுத்தியவுடன் 'இது வெறும் ஒப்பந்தம்' என்றும் படிக்கிற வசதி ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கிறது. 1977 சட்டத்தை எழுதியவர்கள் இரண்டு தரப்பின் உறவு என்ன என்று முதலிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் அதை எழுதினார்கள்.

மதுரைக்காரரின் திட்டம் ரத்தாகவில்லை. அவருடைய என்ஐஎச் விஞ்ஞானி பதவி ஓய்வு பெற்றுப் போனார், அந்த இடத்துக்குப் பல மாதங்கள் யாரும் வரவில்லை. என்ஐஎச் தரப்பில் ஓட்டுப் போட ஆளில்லாத வழிகாட்டுக் குழு முடிவெடுக்கலாமா என்று ஒரு கேள்வி அனுப்பினார், நாங்கள் அதை அப்படியே என்ஐஎச்-க்கு அனுப்பினோம். அலுவலகத்தில் இப்போது புதிய நிதி அறிவிப்பு வந்தால் தொகையைப் பார்க்குமுன் மூன்று இடங்களைப் படிக்கிறோம். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கொடுக்கிறார்கள் என்று முதல் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அது. துறையின் ஈடுபாடு என்ன என்று விவரிக்கும் பத்தி. அப்புறம் ரத்து விதி. புதிதாகச் சேரும் பேராசிரியர்களுக்கான அறிமுக வகுப்பில் கடைசி ஸ்லைடாக இருந்த ரத்து விதியை இரண்டாவது ஸ்லைடுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.